கடலிடம் பட்ட கடன்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, மான்டரே என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அந்த ஊரின் மீன் காட்சியகத்துக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 லட்சம் பேர் வருகிறார்கள். சுறாவையும் சொறிமீனையும் கடல் நீர்நாயையும் பார்க்க வருபவர்கள் அங்கே வேறொன்றையும் பார்க்கிறார்கள்: பழைய நீராவிக் கொதிகலன்கள். மீனை வேகவைத்துத் தகர டப்பாவில் அடைப்பதற்கு நீராவி கொடுத்தவை அவை. காட்சியகம் நிற்கும் மனை, ஹோவ்டன் மீன் டப்பா ஆலை நின்ற மனை. 1916-இல் தொடங்கிய அந்த ஆலை 1973-இல் கதவை மூடியது. அந்தத் தெருவில் கடைசியாக மூடிய ஆலையும் அதுதான். 11 ஆண்டுகள் கழித்து, 1984 அக்டோபர் 20 அன்று, அதே இடத்தில் காட்சியகம் திறக்கப்பட்டது.

கொதிகலன்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கலாம். போடாமல் வைத்திருக்கிறார்கள். இந்தக் கடல் ஒருமுறை வழித்தெடுக்கப்பட்டது என்பதை மறக்கவிடாத சாட்சிகள் அவை. பொது மீன் காட்சியகங்களுக்கு உலகில் 170 ஆண்டு வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதி கடலிடமிருந்து எடுத்துக்கொண்ட வரலாறு. திருப்பிக் கொடுக்கும் பேச்சு அண்மையில்தான் எழுந்தது. ஒரு காட்சியகத்தை எதை வைத்து மதிப்பிடுவது? தொட்டியின் கொள்ளளவையா, மீன்களின் எண்ணிக்கையையா, வாசலில் நிற்கும் கூட்டத்தையா? எடுத்ததைவிடக் கூடுதலாகக் கடலுக்குத் திருப்பித் தந்ததா என்ற ஒரே கணக்கைத்தான் பார்க்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. அந்தக் கணக்கைப் பார்க்க மான்டரேயைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

கண்ணாடியின் முதல் நூற்றாண்டு

கடல் உயிரைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் முயற்சி அறிவுத் தேடலாகத்தான் தொடங்கியது. 1830-களில் சிசிலித் தீவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பெண்மணி ழான் வில்லெப்ரூ-பவர், ஆர்கோநாட் என்னும் பேய்க்கணவாய் இனத்தை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டி செய்துகொண்டார். அந்த உயிர் தன் மெல்லிய ஓட்டைத் தானே உண்டாக்குகிறதா, வேறோர் உயிரின் ஓட்டில் குடியேறுகிறதா என்பது அறிஞர்களிடையே நெடுநாள் வழக்கு. தொட்டியில் வளர்த்துப் பார்த்து, தானே உண்டாக்குகிறது என்று அவர் நிறுவினார். கடலுக்குள் மூழ்கி நின்று பார்க்க வழியில்லாத காலத்தில், கண்ணாடித் தொட்டி ஒரு புதிய கண்ணாகவே இருந்தது.

அந்தக் கண் பொதுமக்களுக்குத் திறந்தது 1853-இல். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கென்று ஒரு கூடம் கட்டினார்கள். அதில் பெரும்பங்கு கொண்ட பிலிப் ஹென்றி காஸ் அடுத்த ஆண்டே கடல்நீர்த் தொட்டி வைப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். நூல் விற்றுத் தீர்ந்தது. ரயில் பாதைகள் கடற்கரைவரை வந்துவிட்ட காலம் அது. நடுத்தர வர்க்கத்துக் குடும்பங்கள் வாளியும் உளியுமாக டெவன் கரையில் இறங்கின. பாறைக் குட்டைகளில் இருந்த கடல் சாமந்திகளும் நண்டுகளும் வரவேற்பறைத் தொட்டிகளுக்குப் போயின. அங்கே பெரும்பாலும் சில நாட்களில் செத்துப்போயின. சில ஆண்டுகளுக்குள் கரையே வெறிச்சோடியது. தன் எழுத்தே அந்தக் கரையை அழித்தது என்ற துயரம் காஸுக்கு இருந்ததை, அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் பதிவுசெய்திருக்கிறார். கடலை நேசிக்கக் கற்றுக்கொடுத்தவரே கடலை வெறுமையாக்கக் காரணமானார். மீன் காட்சியகம் பிறக்கும்போதே இந்தக் கடனோடுதான் பிறந்தது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஜெர்மானிய விலங்கியலாளர் ஆன்டன் டோர்ன் வேறு வழி கண்டார். 1872-இல் அவர் கட்டத் தொடங்கிய ஆய்வு நிலையத்தின் கீழ்த்தளத்தில் மீன் காட்சியகம், மேலே ஆய்வுக்கூடங்கள். 1874-இல் காட்சியகம் பொதுமக்களுக்குத் திறந்தது. கீழே விற்கும் நுழைவுச்சீட்டின் வருமானம் மேலே நடக்கும் ஆய்வுக்கு உதவ வேண்டும் என்பது ஏற்பாடு. வேடிக்கை பார்ப்பவரின் காசு அறிவாக மாறட்டும் என்ற அந்த யோசனை, பிற்காலத்தில் வந்த நல்ல காட்சியகங்கள் பலவற்றுக்கும் அடித்தளம்.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக் காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்லிவந்த ஊர் இது. செத்த காலேஜின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சியகம் எழுந்தது. 1909-இல் திறக்கப்பட்ட அது இந்தியாவில் முதலாவது. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகளும் அதே ஆண்டில்தான் வெளிவந்தன. மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி நிறைய எழுதியவர் தர்ஸ்டன். பின்னர் காட்சியகம் மீன்வளத் துறையின் கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போரின்போது மூடினார்கள். பழைய நிலைக்கு அது திரும்பவே இல்லை. உலகின் நீண்ட கடற்கரைகளுள் ஒன்றின் மீதே நின்ற அந்தக் கட்டடத்தால், ஒரு தலைமுறைக்கு வியப்பைக் கொடுக்க முடிந்தது. கடலைப் பற்றிய ஒரு பொதுப் பழக்கத்தை, ஒரு பொறுப்பை, விட்டுச்செல்ல முடியவில்லை. வியப்பு மட்டும் போதாது என்பதற்கு நம் வீட்டிலேயே இருக்கும் சான்று அது.

மத்தி தீர்ந்த தெரு

மீண்டும் மான்டரேக்கு வருவோம். நம் மத்திக்கும் சாளைக்கும் உறவான சார்டின் மீனை நம்பி அந்த ஊர் வாழ்ந்தது. சிசிலியிலிருந்து குடியேறிய மீனவர்கள் நிலவில்லாத இரவுகளில் கடலுக்குப் போவார்கள்; மீன்கூட்டம் கிளப்பும் கடலொளி அப்போதுதான் தெளிவாகத் தெரியும். படகு கரை சேர்ந்ததும் ஆலைச் சங்கு ஊதும். ஒவ்வோர் ஆலைக்கும் தனி ஓசை. எந்த ஆலை கூப்பிடுகிறது என்று காதாலேயே அறிந்து, நள்ளிரவானாலும் பெண்கள் எழுந்து வேலைக்கு ஓடுவார்கள். அந்தத் தெருவை மையமாக வைத்து ஜான் ஸ்டைன்பெக் 1945-இல் வெளியிட்ட நாவல் உலகப் புகழ் பெற்றது.

1936-37 பருவத்தில் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் பிடிபட்ட சார்டின் 7 லட்சம் டன்னுக்கும் மேல். இதில் பெரும்பகுதி டப்பாவுக்குப் போகவில்லை என்பதுதான் கதையின் கசப்பான பக்கம். மீனை அரைத்துத் தூளாக்கிக் கோழித்தீவனமாகவும் உரமாகவும் விற்பதில் லாபம் அதிகம். மனிதர் உண்ணும் மீனை அப்படி அரைக்காதீர்கள், இந்த வேகத்தில் பிடித்தால் தாங்காது என்று கலிபோர்னியா அரசின் மீன்வள அறிவியலாளர்கள் 1920-களிலிருந்தே எச்சரித்தார்கள். ஆலை முதலாளிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போர்க்காலத்தில் மான்டரேயின் பிடிப்பு இன்னும் ஏறியது. 1945-இல் 2 லட்சம் டன்னுக்கு மேல் இறக்கிய மான்டரேயில், சில ஆண்டுகளுக்குள் பிடிப்பு அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கடலடிச் சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்த மீன் செதில்களை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், மனிதர் வலை வீசுவதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே சார்டின் பெருகியும் குறைந்தும் வந்திருப்பதைக் கண்டார்கள். கடல்நீரின் வெப்பம் ஏறி இறங்குவதோடு அதற்குத் தொடர்பு உண்டு. இயற்கை இறங்குமுகத்தில் இருந்தபோது மனிதன் ஏறுமுகத்தில் பிடித்தான். அதனால்தான் சரிவு வீழ்ச்சியானது. அந்த அதிர்ச்சியில் 1949-இல் தொடங்கிய கலிபோர்னியக் கடல் ஆய்வுத் திட்டம் இன்றுவரை அதே வழித்தடங்களில் கப்பலை அனுப்பி நீரையும் மீன் முட்டைகளையும் அளந்துவருகிறது. மீன் போன பிறகுதான் மீனைப் பற்றித் தெரிந்துகொள்ள மனம் வந்தது.

முன்பே மனம் வந்தவர்களும் இருந்தார்கள். அதே தெருவில் 800-ஆம் எண் கட்டடத்தில் பள்ளி, கல்லூரிகளுக்குக் கடல் உயிர் மாதிரிகளை விற்கும் சிறு ஆய்வுக்கூடம் நடத்தியவர் எட் ரிக்கெட்ஸ். ஸ்டைன்பெக்கின் நெருங்கிய நண்பர்; அந்த நாவலில் வரும் டாக் என்ற பாத்திரத்துக்கு மூலம். 1939-இல் வெளிவந்த அவருடைய கரையோர உயிரியல் நூல் ஒரு புது முறையைக் கையாண்டது. உயிர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பட்டியலிடாமல், எந்தப் பாறையில், எந்த அலையில், யாரோடு சேர்ந்து வாழ்கின்றன என்று வாழிடம் வாழிடமாக விவரித்தார். சார்டின் எங்கே போனது என்று எல்லோரும் தேடியபோது, டப்பாக்களுக்குள் போய்விட்டது என்பதே அவர் கருத்து. 1948-இல் அந்தத் தெருவுக்கு அருகே ரயில் மோதி இறந்தார்.

இன்னொருவர் ஜூலியா பிளாட். ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்ற விலங்கியலாளர். பெண் என்பதால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிலையான வேலை கிடைக்காமல், மான்டரேயை ஒட்டிய பசிபிக் குரோவ் ஊரில் குடியேறினார். எழுபதைத் தாண்டிய வயதில், 1931-இல், அந்த ஊரின் மேயரானார். ஆலைக் கழிவு கரையை நாறடித்துக்கொண்டிருந்த காலம். தன் ஊரின் கடல்முகப்பைத் தானே நிர்வகிக்கும் உரிமையை மாநில அரசிடமிருந்து வாங்கி, கரையை ஒட்டிச் சிறு காப்பிடங்களை அறிவித்தார். அப்போது காப்பாற்றுவதற்கு அங்கே பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆனாலும் பின்னாளில் கடல் திரும்பி வந்தபோது, அது வந்து இறங்க ஓர் இடம் தயாராக இருந்தது. காட்சியகம் அந்தக் காப்பிடத்தின் பக்கத்தில்தான் நிற்கிறது.

கடலுக்குள்ளிருந்து ஒரு துண்டு

1970-களின் பிற்பகுதியில், ஆலை மனையில் மீன் காட்சியகம் அமைக்கலாம் என்று உள்ளூர் உயிரியலாளர்கள் நால்வர் பேசினார்கள். அவர்களில் ஒருவரான நான்சி பர்னெட்டின் பெற்றோர், ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனத்தின் டேவிட் பேக்கர்டும் அவர் மனைவி லூசிலும். இத்தம்பதி 5 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்தார்கள். இன்னொரு மகள் ஜூலி பேக்கர்டு முதல் இயக்குநராகி நாற்பது ஆண்டுகள் நடத்தினார். பணமும் வாரிசும் ஒரே குடும்பம் என்பதைக் குறையாகச் சொல்லலாம். பணம் கொடுத்தவர்கள் வெளிநாட்டு வண்ண மீன்களைக் கேட்காமல், வாசலில் உள்ள விரிகுடாவையே காட்டச் சம்மதித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரிக்கெட்ஸின் நூலைப் போலவே, காட்சிகளை வாழிடம் வாழிடமாக அடுக்கினார்கள். உள்ளூர்க் கடலைப் பார்க்க யார் வருவார்கள் என்ற சந்தேகம் முதல் ஆண்டிலேயே தீர்ந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

அங்குள்ள கெல்ப் காட்டுத் தொட்டியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கெல்ப் என்பது மரம்போல் ஓங்கி வளரும் கடற்பாசி. தொட்டியின் உயரம் 8 மீட்டருக்கும் மேல். ஏறத்தாழ 12 லட்சம் லிட்டர் கடல்நீர். மேலே கூரை கிடையாது. வெயில் நேரடியாக இறங்கும். கெல்ப் வளர வெயில் மட்டும் போதாது, நீர் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். பொறியாளரான டேவிட் பேக்கர்டு தொட்டியில் அலை எழுப்பும் கருவியைத் தானே வடிவமைத்தார். பகலில், பார்ப்பவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் விரிகுடா நீரை வடிகட்டி விடுகிறார்கள். இரவில் கூட்டம் போன பிறகு வடிகட்டியை நிறுத்திவிட்டுக் கடல்நீரை அப்படியே பாயவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும், பாசியின் வித்துகளும், கடற்பஞ்சின், சிப்பியின் குஞ்சுகளும் அந்த நீரோடு வருகின்றன, பாறையில் ஒட்டுகின்றன, வளர்கின்றன. யாரும் பிடித்துவந்து விடாத உயிர்கள் தொட்டியில் தாமாகக் குடியேறுகின்றன. இந்தப் பாசியை வளர்த்துக் காட்டிய முதல் காட்சியகம் இதுதான். கடலை நகலெடுக்காமல், கடலுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்ததால் கிடைத்த பலன் அது.

கறுப்பு அங்கியும் நீர்நாய்க்குட்டியும்

கெல்ப் காட்டின் காவலன் கடல் நீர்நாய். பாசியின் அடித்தண்டைத் தின்று காட்டையே சாய்க்கும் கடல் முள்ளெலிகளை நீர்நாய் தின்கிறது. நீர்நாய் போனால் முள்ளெலி பெருகும். முள்ளெலி பெருகினால் காடு போகும். காடு போனால் மீனுக்கு ஒதுங்க இடமில்லை. உலகிலேயே மிக அடர்ந்த ரோமம் இந்த விலங்குக்குத்தான். அந்த ரோமத்துக்காகவே 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வேட்டையாடித் தீர்த்தார்கள். 1911-இல் ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் வேட்டையைத் தடுத்தபோது, கலிபோர்னியாவில் அந்த இனம் அடியோடு அழிந்துவிட்டதாகவே பலர் நினைத்தார்கள். 1938-இல் மான்டரேக்குத் தெற்கே, பிக் சர் கரையில் ஏறத்தாழ 50 நீர்நாய்கள் உயிரோடிருப்பது வெளியே தெரிந்தது. இன்று கலிபோர்னியாவில் இருக்கும் 3,000 சொச்சம் நீர்நாய்களும் அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை.

தாயைப் பிரிந்து கரை ஒதுங்கும் குட்டிகளைக் காட்சியகம் 1984 முதல் வளர்த்துவருகிறது. ஆரம்பத்தில் மனிதர்களே வளர்த்தார்கள். அப்படி வளர்ந்தவை கடலில் விட்ட பிறகும் படகைத் தேடி வந்தன, மனிதரை நம்பின, தாங்கவில்லை. 2001-இல், வலிப்பு நோயால் கடலுக்குத் திரும்ப முடியாத தூலா என்ற பெண் நீர்நாய்க்குக் குட்டி செத்துப் பிறந்தது. அதே நேரத்தில் அநாதையாக வந்த ஒரு குட்டியை அதனிடம் விட்டார்கள். தூலா அதை ஏற்றுக்கொண்டது. சிப்பியைக் கல்லில் தட்டி உடைப்பதையும் மூழ்கி இரை தேடுவதையும் அந்த வளர்ப்புத் தாய் கற்றுக்கொடுத்தது. அதன் பிறகு முறையே மாறியது. குட்டிக்குப் பால் கொடுக்கும் பணியாளர்கள் முகத்தை மறைக்கும் வெல்டிங் முகமூடியும் உடலை மறைக்கும் கறுப்பு அங்கியும் அணிந்துகொள்கிறார்கள். உணவு தருவது மனிதன் என்று குட்டிக்குத் தெரியவே கூடாது. பார்வையாளர்களைக் கவர மிகச் சிறந்த காட்சிப் பொருளை, யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வளர்க்கும் காட்சியகம் அது!

பலன் என்ன? 2002 முதல் 2016 வரை இப்படி வளர்த்த 37 நீர்நாய்களை அருகிலுள்ள எல்க்ஹார்ன் கழிமுகத்தில் விட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே நீர்நாய்கள் பெருகியதில் பாதிக்கும் மேல் இவற்றாலும் இவற்றின் வாரிசுகளாலும் என்று 2019-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நீர்நாய்கள் கரை நண்டுகளைத் தின்றதால், நண்டு குடைந்து இடிந்துகொண்டிருந்த சதுப்புக் கரைகளின் அரிப்பு குறைந்திருப்பதை 2024-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. தூலாவின் வலிப்புக்குக் காரணம் பூனை மலத்தின் வழியே கடலுக்குப் போகும் ஓர் ஒட்டுண்ணி. வீட்டுப் பூனையின் கழிவை வடிகாலில் கொட்டக் கூடாது என்ற எச்சரிக்கை கலிபோர்னியச் சட்டத்தில் ஏறுவதற்கு அதன் கதையும் உதவியது. கடனைத் திருப்பித் தருவது என்றால் இதுதான்: கழிமுகத்தில் எண்ணிப் பார்க்கக்கூடிய உயிர்கள், சட்டத்தில் ஒரு வரி.

198 நாள்கள்

எல்லாக் கணக்கும் இப்படி நேராகக் கூடிவரவில்லை. 2004 செப்டம்பரில், மீனவர் வலையில் தற்செயலாகச் சிக்கிய பெருவெள்ளைச் சுறாக் குட்டி ஒன்றைக் காட்சியகம் பெரிய தொட்டியில் விட்டது. அதற்கு முன் உலகில் எந்தக் காட்சியகத்திலும் அந்த இனம் ஒரு மாதம்கூடத் தாங்கியதில்லை. இது 198 நாள்கள் இருந்தது. ஏறத்தாழ 10 லட்சம் பேர் பார்த்தார்கள். கூட இருந்த வேறு சுறாக்களைக் கடித்துக் கொல்லத் தொடங்கியதும் கடலில் விட்டார்கள். 2011 வரை மொத்தம் ஆறு சுறாக்கள் இப்படி வந்து போயின. கடைசியாக விடப்பட்டது சில நாட்களில் இறந்தது. அதோடு அந்த முயற்சி நின்றது.

சரியா, தவறா? கொலைகார மீன் என்று சினிமா பழக்கிவைத்த உயிரைப் பத்து லட்சம் பேர் அச்சமின்றி அருகிலிருந்து பார்த்தார்கள். விடப்பட்ட சுறாக்களின் உடலில் பொருத்திய கருவிகள் அவற்றின் பயணப் பாதையைக் காட்டின. 2011-இல் கலிபோர்னியா சுறாத் துடுப்பு வணிகத்தைத் தடைசெய்தபோது காட்சியகம் முன்னின்று வாதாடியது. இவை வரவுப் பக்கம். ஒரு சமுத்திரத்தைத் தாண்டி நீந்தும் உயிரைச் சுவருக்குள் வைத்தது செலவுப் பக்கம். என் தீர்ப்பு: தொடங்கியதைவிட நிறுத்தியதில்தான் அந்த நிறுவனத்தின் தரம் தெரிகிறது. கூட்டம் குவிக்கும் காட்சியைக் கைவிட எத்தனை காட்சியகங்களுக்கு மனம் வரும்?

சாப்பாட்டு மேசையில் கடல்

1997-இல் மீன்பிடிப்பின் நெருக்கடியைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. கூடவே, உணவக மேசைகளில் எந்த மீனை ஏன் பரிமாறுகிறோம் என்று சொல்லும் சிறு அட்டைகளை வைத்தார்கள். சாப்பிட வந்தவர்கள் அட்டைகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். மக்களுக்கு இது தேவை என்று புரிந்தது. 1999-இல் ‘சீஃபுட் வாட்ச்’ பிறந்தது. பச்சை என்றால் தாராளமாக வாங்கலாம், மஞ்சள் என்றால் யோசித்து, சிவப்பு என்றால் வேண்டாம். கோடிக்கணக்கான அட்டைகள் போயின. பெரிய அங்காடி நிறுவனங்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கொள்முதல் செய்யத் தொடங்கின. காட்சியகத்தின் சுவர் அமெரிக்காவின் மீன்கடைவரை நீண்டது.

அதிகாரம் வந்தால் பகையும் வரும். 2022-இல் அமெரிக்க லாப்ஸ்டரைச் சிவப்பில் சேர்த்தார்கள். பொறிக்கூடுகளின் கயிற்றில் சிக்கி, 400-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் சாகின்றன என்பது காரணம். தலைமுறை தலைமுறையாகக் கூடு வைத்துப் பிழைக்கும் மெய்ன் மாநில மீனவர்கள் கொதித்தார்கள். எங்கள் கயிற்றால் திமிங்கிலம் செத்தது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் போனார்கள். கண்டத்தின் மறுகரையில் உட்கார்ந்துகொண்டு ஒரு காட்சியகம் எங்கள் பிழைப்புக்கு நிறம் பூசலாமா என்ற அவர்களின் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. மறுபக்கமும் உண்டு. பசிபிக் கரையின் அடிமட்ட மீன்கள் 2000-இல் பேரிடர் அறிவிக்கும் அளவுக்குக் குறைந்தன. மீனவர்களும் அரசும் பிடிப்பளவைக் கட்டுப்படுத்தினார்கள். 2014-இல் அவற்றில் பல சிவப்பிலிருந்து மேலேறின. மீனவரைக் குற்றவாளியாக நிறுத்தும் பட்டியல் தோற்கும். மீனவரின் திருத்தத்தை அங்கீகரிக்கும் பட்டியல் வெல்லும்.

எல்லை என்று ஒன்று எந்தக் காட்சியகத்துக்கும் உண்டு. 2013-இல் தொடங்கிய கொள்ளைநோய் முள்ளெலிகளைத் தின்றுவந்த பசிபிக் கரையின் நட்சத்திர மீன்களை உருக்கிக் கொன்றது. அடுத்து வந்த கடல் வெப்ப அலையும் சேர்ந்து, நீர்நாய்கள் இல்லாத வடக்குக் கலிபோர்னியாவில் கெல்ப் காடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தன. புவி வெப்பத்தைத் தொட்டி கட்டித் தடுக்க முடியாது. பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் 60 டாலரைத் தாண்டுகிறது. கல்விச் சுற்றுலாவாக வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்ற ஏற்பாடு மட்டும் இல்லாதிருந்தால், கடலை அறியும் உரிமை காசுள்ளவருக்கு மட்டும் என்று ஆகியிருக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

கண்ணாடி மாளிகையே இல்லாமலும் இந்த வேலை நடக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1988 முதல், மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் ஆமை முட்டையிடும் பருவத்தில் இரவிரவாகக் கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். அந்த நடையில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்வதை எந்தத் தொட்டியும் கற்றுக்கொடுக்காது.

ஆனாலும் காட்சியகங்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986-இலேயே தேசியப் பூங்காவானது. பாக் விரிகுடாவில் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கென்று 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் 2022-இல் வந்தது. தமிழ்நாட்டில் பள்ளிப் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு பவளத்திட்டைப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? பார்க்காத ஒன்றைக் காக்க யார் வருவார்கள்? அதற்காகத்தான் காட்சியகம் வேண்டும். ஆனால் கேளிக்கைப் பூங்காக்களிலும் சுற்றுலாத் தலங்களிலும் புதிது புதிதாக முளைப்பவை வேறு வகை. உலகில் விற்கப்படும் நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் வளர்ந்தவை. கடல் அலங்கார மீன்களோ பெரும்பாலும் பவளத்திட்டிலிருந்து நேரே பிடிக்கப்பட்டவை. சில நாடுகளில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் இருந்துவருகிறது. அத்தகைய மீனைப் பார்த்துக் கைதட்டும் குழந்தைக்கு நாம் என்ன பாடம் சொல்லித்தருகிறோம்?

அரசோ தனியாரோ, கடல்வாழ் உயிர்க் காட்சியகம் கட்டப்போகும் எவரிடமும் நான்கு கேள்விகள் கேட்போம். இந்த மீன்கள் எங்கிருந்து, எப்படி வந்தன? வாசலில் உள்ள நம் கடலைக் காட்டுகிறீர்களா, வாங்கி வந்த கடலையா? நுழைவுச்சீட்டில் எத்தனை ரூபாய் கடலுக்குப் போகிறது? மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் கட்டணமின்றி உள்ளே வரவும், அவர்களின் பெற்றோர் அங்கே கடலைப் பற்றிப் பேசவும் இடமுண்டா? பதில் சொல்ல முடிந்த காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். பதில் இல்லாத இடமென்றால் அந்தக் காசை மிச்சம் பிடித்து, விடியற்காலையில் அவர்களைப் பக்கத்து மீன்பிடி ஊருக்கே கூட்டிப்போய், வலையைப் பிரிக்கும் மீனவரிடம் இன்று என்ன மீன் பட்டது, முன்பு என்ன பட்டது என்று கேட்கச் சொல்லுங்கள்.